உதட்டில் கருப்பு, குதிகாலில் வலி, பொட்டலத்தில் பெயரில்லாத மாத்திரை

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலை நடந்த கேள்வி பதில் இது. நான் டாக்டர் கிடையாது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 31 வருஷம் நின்று ஓய்வு பெற்ற மருந்தாளுநர். ஆன்டிபயாடிக் மாதிரி மருந்துகளின் பக்கவிளைவு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியும் மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாம் வந்தது. அவற்றை விட்டுவிட்டேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா: வயித்தால போவுதுன்னு கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன் சார். மறுநாளே உதடு எரிஞ்சு கருப்பா ஆயிடுச்சு. போன வருஷமும் இதே எடந்தான். சூட்டு மாத்திரை, மோர் குடின்றாங்க.

மோர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் இது சூடு இல்லையம்மா. "இதே எடந்தான்" என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. முதல் தடவை அந்த மருந்து ஒத்துக்காமல் போனபோது, அதை அடையாளம் கண்ட எதிர்ப்பு அணுக்கள் அந்தத் துளி இடத்திலேயே குடியிருந்துவிட்டன. மருந்து திரும்ப உள்ளே போனதும் அங்கேயே வேலையை ஆரம்பிக்கின்றன. முன்பு கருத்த இடமே மறுபடியும் எரியும், கொப்பளிக்கும், முன்னைவிடக் கருக்கும். உதடு, விரல் இடுக்கு, வெளியே சொல்லக் கூச்சப்படும் இடங்கள், இங்கெல்லாம் வரும். பால்வினை நோயோ என்று பயந்து, வீட்டில் சண்டையாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் கை நீட்டினால் வருவது பெரும்பாலும் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. இரண்டுமே இதைச் செய்யக்கூடியவை. கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தும் அப்படித்தான். சரி, நீங்கள் போட்ட மாத்திரையின் பெயர் என்ன? (அம்மா சிரித்தார். "மஞ்சளா, நீட்டா இருக்கும் சார்.")

பெரம்பூர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது 68: சளிக்கு லீவோஃப்ளாக்சசின் ஐந்து நாள் எழுதினார்கள். மூன்றாம் நாள் குதிகாலுக்கு மேலே கயிறு கட்டி இழுப்பது போல வலி. வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. வயசுதான் காரணம் என்கிறாள் மகள்.

மாத்திரையின் பெயர் சொல்லிக் கேட்டீர்களே, முதலில் அதற்கு ஒரு வணக்கம்.

வயது ஒரு காரணம்தான், ஆனால் மகள் நினைக்கும் விதத்தில் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' என முடியும் குடும்பம் முழுவதற்கும் தசைநாரைப் பலவீனமாக்கும் குணம் உண்டு. கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தடித்த நாரைத்தான் அதிகம் தாக்கும். சிலருக்கு அறுந்தே போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்கு மிகக் கடுமையான கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது. 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். உங்களிடம் முதல் இரண்டும் இருக்கின்றன. சாதாரண சைனஸ், மார்ச்சளி, எளிய சிறுநீர்த் தொற்று இவற்றுக்கு வேறு மருந்து இருந்தால் இதை எழுத வேண்டாம் என்று 2016-ல் அதே அமைப்பு சொன்னது. 2018-ல் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. ஒன்று, சர்க்கரை திடீரென்று இறங்குவது. குறிப்பாகக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிவது. இது அரிது, வந்தால் உயிர் போகும்.

அடுத்த மாத்திரையைப் போடாமல் இன்றே எழுதிக்கொடுத்தவரிடம் போய் மாற்றிக் கேளுங்கள். ஆனால் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. காலை உருவி விடாதீர்கள், மாடிப்படி ஏறாதீர்கள். கோர்ஸ் முடிந்து சில மாதம் கழித்தும் இந்த வலி வரலாம்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: அக்காவும் நானும் ஒரே மாத்திரைதான் போட்டோம். அவளுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் ஏன்?

நல்ல கேள்வி பாப்பா. இதற்குப் பதில் தேட நாம் வெளிநாடு போக வேண்டாம், சேத்துப்பட்டு போதும். 1956-ல் அங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். சானடோரியம் என்ற தனி காசநோய் மருத்துவமனையில் படுக்க வைக்காமல், நெருக்கமான குடிசை வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த இடம்தான். அதே மையத்தில் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை ஒவ்வொருவர் உடம்பும் எவ்வளவு வேகத்தில் செயலிழக்க வைக்கிறது என்றும் விரிவாக ஆராய்ந்தார்கள். சிலருடைய கல்லீரல் இதை வேகமாகச் செய்யும், சிலருடையது மெதுவாகச் செய்யும். பிறவியிலேயே அப்படி. நம் ஊர்க்காரர்களில் பாதிக்கு மேல் மெதுவான வகை. அவர்களுக்கு ஒரே அளவு மாத்திரையிலும் மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். கை கால் மரத்துப்போகவும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் டிபி மாத்திரையோடு பி6 வைட்டமினும் கொடுக்கிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள்.

இன்னொரு உதாரணம், ஜி6பிடி என்ற நொதிக் குறைவு. அதிகமும் ஆண் பிள்ளைகளுக்கு. அவர்கள் தொழுநோய்க்கான டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுவின், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாயின் போட்டால் சிவப்பணுக்கள் உடையும். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும்.

மூன்றாவது, அம்மா வழியாக மட்டும் வருவது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வரும்; அதன் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தால், ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சாதாரண அளவிலேயே காதைச் செவிடாக்கிவிடும். 1993-ல் கண்டுபிடித்தார்கள். அம்மா வீட்டுப் பக்கம் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போயிருந்தால், உங்களுக்கு இந்த ஊசி எழுதும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நீயும் அக்காவும் ஒரே வீட்டில் பிறந்தாலும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரிதான். உனக்கு வந்த சீட்டு அவளுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

திருவொற்றியூர், ஒரு அப்பா: பையனுக்கு நாலு வயசுல அமாக்சிசிலின் கொடுத்தப்ப உடம்பெல்லாம் தடிப்பு. அலர்ஜின்னு எழுதிட்டாங்க. இப்ப பதினாறு வயசு. வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாதா?

சிறு பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலோடு தடிப்பு வருவது சகஜம். பழி மாத்திரை மேல் விழும். அமெரிக்காவில் பத்தில் ஒருவர் பென்சிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்கிறார். முறையாகச் சோதித்தால் மொத்த மக்களில் நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் உண்மையில் இருக்கிறது. நிஜமான அலர்ஜிக்காரர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பத்து வருஷத்தில் போய்விடுகிறது. அதற்காக வீட்டில் அரை மாத்திரை கொடுத்துப் பார்க்காதீர்கள் தம்பி! அலர்ஜி நிபுணர் உள்ள மருத்துவமனையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கையில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் ஊசியை நம்பி நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். அதில் ஒன்றும் வராமல், முழு ஊசியில் மூச்சடைத்தவர் உண்டு. ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஷேர் ஆட்டோ போனால் போகட்டும்.

எண்ணூர்: 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். போட்டதும் நெஞ்சு கரித்து எச்சில்கூட முழுங்க முடியவில்லை.

ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்திருப்பீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரைமணி உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலிலும் இந்த மருந்து தோலைச் சுடும்.

தண்டையார்பேட்டை: டிபி மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சா போவுது.

அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் நிறம். பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு டிபி மருந்தைப் போடும்போது பச்சையும் சிவப்பும் மங்கினாலோ அன்றே ஓடுங்கள்.

பெயர் எழுதாத சீட்டு: எது சாதாரண அலர்ஜி, எது ஆபத்து? எப்படித் தெரியும்?

இதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். கல்யாணமாகி ஆறு மாதமான பெண். சிறுநீர் எரிச்சலுக்கு சல்ஃபா மாத்திரை. பத்தாவது நாள் காய்ச்சலும் கண் எரிச்சலும். அம்மை என்று வேப்பிலை வைத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருந்தது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை. காய்ச்சலுக்கு நல்லது என்று மிச்சத்தையும் கொடுத்தார்கள். கொண்டுவந்தபோது வாயெல்லாம் புண், முதுகில் தோல் ஈரத்துணி மாதிரி கழன்று வந்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற நோய், 1922-ல் அதை விவரித்த இரண்டு டாக்டர்களின் பெயர். தோல் உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் உரிந்துவிட்டால் மூன்றில் ஒருவர் வரை பிழைப்பதில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். கண்ணில் தழும்பு நின்றுவிட்டது.

மருந்து ஆரம்பித்த நாலாவது நாளிலிருந்து நாலு வாரம் வரை காய்ச்சலோடு தடிப்பு, வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், தோலைத் தொட்டால் அரிப்புக்குப் பதில் வலி என்று வந்தால், மருந்தை நிறுத்தி அட்டையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில நிமிஷத்தில் உதடு வீங்கி, மூச்சு இரைத்து, தலை சுற்றினால் 108. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர். அவில் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை, வால்வு ஆபரேஷன் ஆனவரின் தங்கை: அக்கா வார்ஃபரின் போடுது. பல்லுக்கு மெட்ரோனிடசோல் எழுதினாங்க.

வார்ஃபரின் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து. மெட்ரோனிடசோல் எழுதியவருக்கு அந்த விஷயம் தெரியுமா? தெரியாவிட்டால் போடும் முன் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்து, ஈறிலும் மூளையிலும்கூடக் கசியும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். (பின்வரிசையில் ஒரு தம்பி, "குடிச்சிட்டுப் போட்டா?" என்றார். போடாதே தம்பி, வாந்தி உன்னைக் குடிக்கும்.)

மெடிக்கல் ஷாப் ஊழியர், மூலக்கொத்தளம்: சீட்டு கேட்டா சண்டைக்கு வர்றாங்க சார். நாலு மாத்திரை கிழிச்சுக் குடுன்றாங்க.

உன் கஷ்டம் தெரியும். ஆனால் சட்டம் உன் பக்கம். 2014 மார்ச் 1 முதல் செஃபிக்ஸிம், செஃபோடாக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 என்ற மருந்து அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கிழித்துத்தான் கொடுக்க வேண்டுமென்றால், பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கொடு, இல்லையென்றால் கவர் மேல் எழுதிக் கொடு. பக்கவிளைவு வந்தவர் யாராக இருந்தாலும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் மாத்திரையின் பெயர்தான்.

எழுந்திருக்கும் நேரத்தில் காசிமேட்டு அம்மா திரும்ப வந்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். மிச்சம் ஒரு மாத்திரை, அட்டையின் மூலையோடு. வெள்ளித்தாளில் "...சோல்" என்ற கடைசி எழுத்துகள் மட்டும் இருந்தன. ஆர்னிடசோலா, கோட்ரைமாக்சசோலா, வயிற்றெரிச்சலுக்குச் சேர்த்துக் கொடுத்த வேறு ஏதோ சோலா? மீதி எழுத்துகள் கடைக்காரரின் டிராயரில் இருக்கும். திங்கட்கிழமை காலை மீன் வியாபாரம் முடிந்ததும் இருவருமாக அந்தக் கடைக்குப் போகிறோம்.