சிறையிலிருந்து வருகிறவருக்கு முதல் மாதம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் தாய்மாமா கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். பாளையங்கோட்டை மத்திய சிறையில் 15 வருடம் முடித்துவிட்டார். முன்விடுதலைக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, ஓரிரு மாதத்தில் வந்துவிடுவார் என்கிறார்கள். வயது 47. லாரி டிரைவராக இருந்தவர். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் நானும்தான் அவருக்கு. சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும், வந்த மறுவாரமே வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார் அம்மா. தெரிந்த நூற்பாலையில் பேசியும் வைத்திருக்கிறோம். எதிர்த்தரப்பு வீடு எங்கள் ஊரிலேயே இரண்டு தெரு தள்ளி இருப்பதுதான் உறுத்தலாக இருக்கிறது. வேறு என்னென்ன செய்ய வேண்டும்?

ம., தென்காசி மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

வேலையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அம்மாவின் கவலை நியாயமானது. ஆனால் முதல் மாதம் முழுக்க மாமாவுக்கு அலுவலக அலைச்சல் இருக்கிறது: கையெழுத்து, ஆதார், வங்கி, ரேஷன், மருந்து. எல்லாமே பகலில், வேலை நாளில் நடக்க வேண்டியவை. சேர்ந்த முதல் மாதமே வாரத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்கிறவரை எந்த மேஸ்திரியும் வைத்துக்கொள்ள மாட்டார். வேலை போனதும் காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது; ‘ஜெயிலுக்குப் போனவன் நிலையா நிக்க மாட்டான்’ என்ற பேச்சுதான் நிற்கும்.

முதலில் இருப்பிடம். இதை அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கோப்பு நகரும்போதே நன்னடத்தை அலுவலர் வந்து, எங்கே தங்குவார், யார் பொறுப்பு என்று விசாரிப்பார். காவல்துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். அங்கே எந்த முகவரி பதிவாகிறதோ அதை ஒட்டித்தான் பிறகு எல்லாம் நடக்கும். அப்புறம் திருப்பூருக்கோ சிவகாசிக்கோ மாற நினைத்தால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சொல்லாமல் கிளம்பினால் ஆள் தலைமறைவு என்று எழுதிவிட அதுவே போதும்.

ஆகவே அடுத்த முறை சிறையில் மனு போட்டு மாமாவைப் பார்க்கும்போது அவரிடமே கேளுங்கள். பரோலில் ஊருக்கு வந்திருந்தால் யார் முகம் கொடுத்துப் பேசினார்கள், யார் முறைத்தார்கள் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. சம்பவம் நடந்தபோது எதிர்த்தரப்பு வீட்டில் ஐந்து வயதாக இருந்த பையனுக்கு இன்று இருபது. தென்மாவட்டங்களில் பழிக்குப் பழி இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வெளியூர் உறவினர் ஒருவரின் முகவரியை, அவர் சம்மதக் கடிதத்தோடு, சிறை நல அலுவலர் வழியாக இப்போதே கொடுத்துவிடுங்கள். நேரடியான மிரட்டல் வந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுகிற யோசனை இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஆறிக் கிடப்பதை நீங்களே கிளறிவிட்டதாகிவிடும்.

அடுத்தது விடுதலை உத்தரவு. முன்விடுதலை என்றால் தண்டனை அன்றோடு தீர்ந்தது என்று பல குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. நிபந்தனையோடு தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 473-வது பிரிவில் இருக்கிறது, பழைய சட்டத்தில் இது 432. நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் குறைப்பை ரத்து செய்யலாம். ரத்தானால் வாரண்ட் இல்லாமலே பிடித்து மீதித் தண்டனைக்கு உள்ளே அனுப்பலாம். ஆயுள் தண்டனையில் மீதி என்பது மீதமிருக்கும் ஆயுள்தான். அரசியலமைப்பின் 161-வது பிரிவின்கீழ் ஆளுநர் பெயரில் வருகிற உத்தரவிலும் நிபந்தனைகள் இருக்கும். உத்தரவின் நகல் இல்லாமல் சிறை வாசலை விட்டு நகர வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நிபந்தனையையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்: எங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதுவரை.

கையெழுத்து என்பது கேட்கச் சின்ன விஷயம். பெரும்பாலும் சறுக்குவது அதில்தான். காய்ச்சலில் படுத்து ஒரு தேதி தவறும். ஸ்டேஷனில் இருப்பவர் ‘பரவாயில்லை, அடுத்த வாரம் வா’ என்பார். அவர் மாற்றலாகிப் போனபின் பதிவேட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக நிற்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுத்து, போன தேதி, நேரம், பதிவேட்டைக் கொடுத்தவரின் பதவி ஆகியவற்றை அவரையே எழுதச் சொல்லுங்கள். உடம்பு முடியாவிட்டால் அரசு மருத்துவமனைச் சீட்டு, அதோடு அன்றைக்கே தகவல் கடிதம், அதன் நகல். அப்படியும் ரத்து என்று பேச்சு வந்தால், 21-10-2024 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் சொன்னது கைகொடுக்கும்: நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும், காரணம் காட்டும் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் ரத்து செய்யக்கூடாது, எஃப்.ஐ.ஆர். பதிவானது மட்டுமே ரத்துக்குப் போதுமான காரணம் ஆகாது. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

கோயில் கொடை, தேர்தல் சமயங்களில் பழைய வழக்குக்காரர்களைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். அதற்கு ஒரு முறை இருக்கிறது: பி.என்.எஸ்.எஸ். 129 என்றால் நிர்வாக நடுவரிடமிருந்து, பெரும்பாலும் ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியரிடமிருந்து, எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அந்தப் பத்திரம் மூன்று வருடம் வரை கட்டுப்படுத்தும். மீறினால் மறுபடி சிக்கல். என்ன பிரிவு என்று படிக்காமலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். பதினைந்து வருடம் யார் நீட்டிய தாளிலும் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் அவர்.

அடையாள ஆவணங்களில் வரிசை முக்கியம். அவர் உள்ளே போனபோது ஆதார் அப்போதுதான் தொடங்கியிருந்தது. (இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்ததையும் போனதையும்கூட அவர் வெளியிலிருந்து பார்க்கவில்லை.) சிறையிலேயே ஆதார் எடுத்துவிட்டார்களா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும்போதே கேட்டுப் பதியவைப்பது நல்லது. 18 வயது கடந்தவரின் புதுப் பதிவை அரசு சரிபார்த்துத்தான் அனுப்பும், மாதக்கணக்கில் இழுக்கலாம். எடுத்திருந்தால் இரண்டு சிக்கல் இருக்கக்கூடும்: முகவரி சிறையின் முகவரியாக இருக்கும், மொபைல் எண் இணைந்திருக்காது. முதலில் அவர் பெயரிலேயே ஒரு சிம். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர் உங்களைத் தேட வேண்டும். பிறகு ஆதார் மையத்தில் எண்ணை இணைப்பது. அதற்குக் கைரேகை போதும், வேறு சான்று கேட்க மாட்டார்கள். பிறகு முகவரி மாற்றம். அதற்கு அம்மாவின் ஆதாரைக் குடும்பத் தலைவராகக் காட்டலாம்.

அதன்பின் வங்கி. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், ஆனால் பறிபோகாது. கணக்கு இருந்த கிளையிலேயே கேட்டு வாங்கலாம். முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. பழைய கணக்கே இல்லையென்றால் குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஜன்தன் கணக்கு போதும். அடுத்து ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது. அரிசிக்காக மட்டும் சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அட்டையில் பெயர் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. சிறைக்குள் இருக்கும்வரைதான் வாக்குரிமை இல்லை.

லாரி ஓட்டிய அனுபவம் இருக்கிறதே என்று உடனே லைசென்ஸ் புதுப்பிக்கக் கிளம்பிவிடுவீர்கள். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். பதினைந்து வருடத்தில் வண்டியும் ரோடும் மாறிவிட்டன. ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். இதைவிட, உள்ளே அவர் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். தறியா, பேக்கரியா, சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்கா? செய்த வேலைக்கு ஒரு சான்றும், பிடித்தம் போகக் கூலி மீதிக் கணக்கும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கத்தில் தொழில் உதவிக்கான மனுவை நன்னடத்தை அலுவலர் வழியாக முதல் மாதத்திலேயே போட்டுவையுங்கள். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் சிறை மருத்துவமனையின் மருந்துச் சீட்டை வாங்கிவந்து, கைமருந்து தீரும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிறகு மருந்து வீட்டுக்கே வரும். காசநோய் மருந்து பாதியில் இருந்தால் ஒரு நாள்கூட விடக்கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. முதல் காரணம் போதைமருந்து அளவு மீறியது. நம்மூரில் அந்த இடத்தில் சாராயத்தை வைத்துப் பாருங்கள். பழைய கூட்டாளிகள் ‘வந்ததைக் கொண்டாட’ அழைப்பார்கள், அவர் பழைய கணக்கில் குடிப்பார், உடம்பு அந்தப் பழக்கத்தை எப்போதோ மறந்திருக்கும். அம்மா நேர்ந்திருக்கும் கிடாவெட்டை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது.

வீட்டில் அவர் கதவருகே போய் நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். யாராவது திறக்கட்டும் என்று நிற்பார். விளக்கணைத்தால் தூக்கம் வராது, தட்டில் போட்டதை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். யாரும் சிரிக்கவோ அழவோ வேண்டாம். உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளும் அறை ஒன்று, வீட்டுச் சாவி ஒன்று, கையில் கொஞ்சம் சில்லறை கொடுங்கள். கடைக்கு அவரே போகட்டும், பேங்க் சலானை அவரே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். ‘நீங்க உட்காருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்’ என்பது பாசம்தான். ஆனால் சிறையும் அவருக்கு அதைத்தான் செய்தது. பேச்சே நின்றுபோனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். 14416-இல் இருபத்து நாலு மணி நேரமும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

மில்லில் வழக்கு விவரத்தை அவரே ஒரே வரியில் சொல்லட்டும். மறைத்துச் சேர்ந்து மூன்றாம் மாதம் தெரியவந்தால் சிபாரிசு செய்த உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். எப்படியும் பி.எஃப். எண் போட ஆதார் வேண்டும், சம்பளம் போடக் கணக்கு வேண்டும். முதல் மூன்று மாதம் பகல் ஷிஃப்ட் கேளுங்கள், கையெழுத்துத் தேதிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்தத் தேதியில் சேருவார் என்பதை மட்டும் அவர் வந்து இரண்டு வாரம் கழித்துச் சொல்லுங்கள்.