நாய்ச் சண்டைக்குள் கையை விடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குப் பக்கம். வீரா என்கிற நாட்டு நாய் ஐந்து வருடமாக எங்களோடு இருக்கிறான். போன வருடம் லாப்ரடார் கலப்பில் ஒரு குட்டி வாங்கினோம், பெயர் ஜிம்மி. இரண்டும் ஆண். ஒன்றாகப் படுத்துத் தூங்கியவை இந்த மாதம் இரண்டு முறை கேட் பக்கத்தில் பயங்கரமாகச் சண்டை போட்டுவிட்டன. இரண்டு முறையும் தெருநாய் ஒன்று வெளியே போனபோதுதான் ஆரம்பித்தது. இரண்டாம் முறை என் வீட்டுக்காரர் வீராவின் பெல்ட்டைப் பிடித்து இழுக்கப்போய், மணிக்கட்டில் கடி வாங்கினார். மாமியார் காபித்தூள் வைத்துக் கட்டினார். "நம்ம நாய்தானே, குட்டியிலேயே ஊசி போட்டாச்சு, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்கிறார் இவர். எங்கள் எட்டு வயது மகள் அழுதுகொண்டே நடுவில் ஓடினாள். அடுத்த முறை எப்படிப் பிரிப்பது? ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
— வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: சகோதரி, இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாத ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இருந்தது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசினேன். உங்கள் வீட்டுக்காரர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னீர்கள், மனதுக்கு நிம்மதியாக இருந்தது. "நம்ம நாய்தானே" என்ற பேச்சு பல வீடுகளில் இருக்கிறது. எனவே மற்றவர்களுக்காகவும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரேபிஸ் எனும் வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அறிகுறி வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். நாய் கடித்த இடத்தை உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மாமியார் பாசத்தில் செய்தார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் காபித்தூள் அழுக்கைக் காயத்துக்குள்ளேயே வைத்து மூடிவிடும், கிருமியைக் கொல்லாது.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடுகிற தினத்தை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசியையும் நினைவுபடுத்துங்கள். கையில், மணிக்கட்டில் பல் இறங்கினால் ஓட்டை சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே நரம்பு, மூட்டு வரை சீழ் பிடிக்கும். கடித்த நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார், நாமாக நிறுத்தக் கூடாது. கடி வாங்கிச் சில நாட்கள் ஆகிவிட்டதே என்று தயங்குகிறவர்களும் இன்றே போகலாம்.

குட்டியில் போட்ட ஊசி வாழ்நாள் முழுக்கத் தாங்காது. நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டும். வீராவும் ஜிம்மியும் கேட் கம்பி வழியாகத் தெருநாயோடு மூக்கை உரசியிருக்கலாம், அது கடித்தும் இருக்கலாம். இருவரையும் இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லுங்கள். கடிபட்ட நாய்க்கு ஒரு ஊசியோடு முடியாது, சில தவணைகள் வரும்.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக்காரர் செய்ததைத்தான் யாரும் செய்வார்கள். தன் நாய் கடிபடுவதைப் பார்த்ததும் கை தானாகப் பெல்ட்டுக்குப் போகும். ஆனால் சண்டையில் இரண்டு நாய்களின் பல்லும் தேடுவது கழுத்தையும் காதையும்தான், பெல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் தன் மேல் எது பட்டாலும் நாய் திரும்பிக் கடிக்கும். எஜமான் கையா, எதிரி வாயா என்று பார்க்கிற நிலையில் அது இல்லை. வீரா உங்கள் வீட்டுக்காரரைக் கடிக்க நினைத்துக் கடிக்கவில்லை, அதற்காக அவன்மேல் வருத்தம் வேண்டாம். சண்டை நடக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் யாருடைய கையும் நாயின் தலைப்பக்கம் போகக் கூடாது. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மகள். எனக்கு மிகவும் பயம் தந்தது அவள் நடுவில் ஓடியதுதான். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு எளிதில் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. இன்றைக்கே அவளை உட்கார வைத்து, சண்டை வந்தால் அவள் வேலை என்ன என்று சொல்லுங்கள்: வீட்டுக்குள் ஓடுவது, கதவைச் சாத்துவது, உள்ளேயிருந்து பெரியவர்களைக் கூப்பிடுவது. "கிட்டே போகாதே" என்று மட்டும் சொன்னால் பதற்றத்தில் மறந்துவிடுவாள். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் அதைச் செய்வாள். இரண்டு மூன்று முறை விளையாட்டுப் போல ஒத்திகை பார்த்துவிடுங்கள். மாமியாருக்கும் அதே வேலைதான். வயதானவர்கள் மேல் நாய்கள் மோதினாலே விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

பெரும்பாலான சண்டைகளில் சத்தமும் எச்சிலும்தான் அதிகம், சில விநாடிகளில் தானாக ஓய்ந்துவிடும். குரைப்பு நின்று, ஒரு நாய் மற்றதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அமைதியாக உலுக்கினால்தான் ஆபத்து. எதுவானாலும் முதலில் நீங்கள் அலறுவதை நிறுத்துங்கள். நாம் கத்தக் கத்த அவற்றுக்கு வெறி ஏறும். அதற்குப் பதில் ஒரே ஒரு பெரிய, திடீர்ச் சத்தம் போதும். எவர்சில்வர் தாம்பாளத்தை இரும்புக் கேட்டில் ஓங்கி அடியுங்கள். அசரவில்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை மூக்கு, முகத்தைப் பார்த்து ஒரே வீச்சாக ஊற்றுங்கள். ஹோஸ் பைப் இருந்தால் இன்னும் நல்லது. பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கூடவே கூடாது.

தண்ணீருக்கும் பிரியவில்லையென்றால், இரண்டுக்கும் நடுவில் எதையாவது நுழைக்க வேண்டும். இடுப்பளவு உயரமுள்ள ஒரு ப்ளைவுட் பலகைக்குக் கைப்பிடி அடித்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல சாதனம் கிடையாது. பலகையின் பின்னால் நீங்கள் நிற்கலாம், நாயின் கண்ணிலிருந்து மற்ற நாயும் மறையும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை முன்னால் நீட்டிப் பிடித்தும் தள்ளலாம். சாக்கையோ கெட்டியான ஜமுக்காளத்தையோ இரண்டின் தலைமேலும் போட்டால், கண் மறைந்ததும் பிடி தளரும். தளர்ந்த அந்த நொடியில் ஒன்றைக் கேட்டுக்கு வெளியே விடாமல், வீட்டு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். வெளியே விட்டால் தெருநாயோடு அடுத்த சண்டை.

இந்தச் சாமான்களைச் சண்டை வந்த பிறகு தேடினால் கிடைக்காது. பலகை, சாக்கு, தண்ணீர் நிரப்பிய வாளி மூன்றையும் இன்றே கேட் பக்கம் வைத்துவிடுங்கள். வாளித் தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும்.

உடலைத் தொட்டுப் பிரிப்பது கடைசி வழி. அதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு நாயின் பின்பக்கம் போய், ஒரே நேரத்தில், இரண்டு பின்னங்கால்களையும் தொடை மேல்பகுதியில் பிடித்துத் தரையிலிருந்து தூக்க வேண்டும். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். நேராக நடக்காமல் வளைந்து நடங்கள், முன்னங்காலைத் தரையில் ஊன்றிச் சமாளிப்பதிலேயே நாய் மும்முரமாகிவிடும், திரும்பி உங்களைக் கடிக்கிற வாய்ப்பு குறையும். இடையில் விட்டால் அது திரும்பிவிடும், எனவே அறைக்குள் போய்ச் சேரும்வரை விடாதீர்கள். ஒரு நாய் இன்னொன்றைக் கவ்விக்கொண்டிருக்கும்போது மட்டும் இழுக்காதீர்கள், சதை கிழியும். காலைப் பிடித்தபடி நின்று, வாய் திறக்கும்போது இழுங்கள். வாலைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம், நாய் வட்டமடித்துத் திரும்பும், முதுகெலும்பும் கெடும்.

நீங்கள் தனியாக இருந்தால்? ஒரு நாயை மட்டும் பிடித்துத் தூக்கினால் மற்றது அதை இன்னும் கடிக்கும். தாம்பாளம், தண்ணீர், பலகை, இவற்றோடு நிறுத்திக்கொண்டு பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். நாய்க்குக் காயம் பட்டால் தையல் போட்டுக் காப்பாற்றலாம். உங்கள் மகளுக்கு நீங்கள் முழுசாக வேண்டும்.

தடியால் அடிப்பது, மிளகாய்ப்பொடி தூவுவது, கல்லெறிவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. வலி கூடினால் நாய் இன்னும் இறுக்கித்தான் கவ்வும். மிளகாய்ப்பொடி காற்றில் உங்கள் கண்ணுக்கும் வரும்.

விடுமுறைக்கு ஏற்காடு போகும்போது ஜிம்மியையும் அழைத்துப் போவதாகப் போனில் சொன்னீர்கள். ஏரிப் பக்கமும் காபித் தோட்ட ரோடுகளிலும் இருக்கிற நாய்களுக்கு அதுதான் சொந்த இடம், வெளியூர் நாய் வந்தால் கூட்டமாக வரும். சங்கிலியை இறுக்கி இழுக்காமல், ஓடாமல், சற்று விலகி வளைந்து நடந்து போங்கள். மலையில் மழைக்குக் குடை எப்படியும் கையில் இருக்கும். வருகிற நாயின் முன்னால் அதைப் பட்டென்று விரித்துப் பிடித்தால் பெரும்பாலும் தயங்கி நிற்கும், நடுவில் ஒரு தடுப்பாகவும் ஆகும். சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள். அப்போது வருகிற நாய் எகிறுவது உங்கள் முகத்துக்கு. திறந்த கார் கதவோ கடைவாசலோ பக்கத்தில் இருந்தால் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதுதான் நல்லது.

பிரித்த பிறகு இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில் இருக்கட்டும். உடனே கட்டிப்பிடித்துக் கொஞ்சப் போகாதீர்கள், மூச்சு அடங்கும்வரை தண்ணீர் வைத்துவிட்டு விலகி இருங்கள். அடங்கியதும் உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். ஜிம்மிக்கு முடி அடர்த்தி, பல் இறங்கிய ஓட்டை வெளியே தெரியாது. மேலே பொட்டு மாதிரி இருந்தாலும் உள்ளே சதை பிய்ந்திருக்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ ஓட்டை, மூச்சுத் திணறல், ஈறு வெளுத்துப் போவது, துணியால் அழுத்தியும் நிற்காத ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் டாக்டரிடம் ஓடுங்கள். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே அதற்கு விஷமாகலாம். காயத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், பலர் பினாயிலோ பெட்ரோலோ ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், புழுவை எடுக்க டாக்டரிடம் மருந்து இருக்கிறது.

கடைசியாக, ஒன்றைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இவை இரண்டுக்கும் தங்களுக்குள் பகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே போகும் நாயைப் பிடிக்க முடியாத ஆத்திரம், பக்கத்தில் நிற்பவன்மேல் பாய்கிறது. ஜிம்மியும் வாலிப வயதுக்கு வந்துவிட்டான், முன்புபோல வீராவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டான். எனவே சண்டை பிறக்கிற இடமான கேட்டைச் சரிசெய்யுங்கள். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் அடைத்துவிடுங்கள், தெரு தெரியாவிட்டால் பாதி ஆத்திரம் வராது. தெருநாய்கள் சுற்றுகிற காலை, மாலை நேரத்தில் இரண்டில் ஒன்று எப்போதும் வீட்டுக்குள் இருக்கட்டும். சாப்பாடு தனித்தனி இடத்தில். எலும்பு போடுவதாக இருந்தால் கதவு சாத்திய பிறகு.

இரண்டு மூன்று நாள் பிரித்து வைத்த பின், நீங்கள் ஒன்றையும் உங்கள் வீட்டுக்காரர் ஒன்றையும் சங்கிலியில் பிடித்து, ரோட்டின் இரு ஓரமாக ஒரே திசையில் நடத்திப் போங்கள். முறைக்காமல் நடந்தால் நாளுக்கு நாள் இடைவெளியைக் குறைத்து, ஒன்றாகவே வீட்டுக்குள் கூட்டி வாருங்கள். இரண்டுக்கும் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்வது பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். ஆண் நாய்களின் போட்டி அதில் ஓரளவு குறையும், முழுசாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ரத்தம் வரும் சண்டை திரும்ப வந்தால், அதுவும் கேட்டை விட்டு வீட்டுக்குள்ளேயே வந்தால், ஜிம்மிக்கு வேறு வீடு பாருங்கள். சின்னக் குழந்தையும் வயதானவரும் இருக்கிற வீட்டில் அந்த முடிவு பாவமில்லை. ஏன் வீரா இல்லை, ஜிம்மி என்றால், ஒரு வயது நாய் புது வீட்டில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். நாய் இல்லாத வீடாகப் பாருங்கள், நடந்த சண்டைகளை மறைக்காமல் அவர்களிடம் சொல்லிக் கொடுங்கள்.