ஸ்கோர் ஷீட்டில் விழாத ஆட்டம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சம்பளக் கணக்கு பற்றியவை. மீதி, யார் நல்ல டிஃபெண்டர், அதாவது எதிரணியை நன்றாகத் தடுத்தாடுபவர், என்பது பற்றி. தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நியூயார்க் நிக்ஸின் ஜேலன் பிரன்சன் 2024-இல் கையெழுத்திட்ட ஒப்பந்த நீட்டிப்பில் 11 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்தார் என்கிறார்கள். அவ்வளவு பணத்தை ஒருவர் சும்மா விடுவாரா?

பதில்: விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் அந்த 11 கோடியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

இவரைப் போல ஏற்கெனவே நல்ல சம்பளம் வாங்கும் ஒருவர் ஒப்பந்தத்தை நீட்டித்தால், புதிய முதல் வருடச் சம்பளம் பழைய கடைசி வருடச் சம்பளத்தின் 140 சதவீதத்தைத் தாண்ட முடியாது. லீக்கும் ஆட்டக்காரர்களும் செய்துகொண்ட, 2023-இல் வந்த தொழிலாளர் உடன்படிக்கைக்கு முன்பு இது 120 சதவீதமாக இருந்தது. பிரன்சனின் 2024-25 சம்பளம் 2.496 கோடி டாலர். அதில் 140 சதவீதம் 3.494 கோடி. அடுத்தடுத்த வருடங்களில் உயர்வு அதிகபட்சம் 8 சதவீதம். அதுவும் முதல் வருடச் சம்பளத்தின் 8 சதவீதம்தான், கூட்டு வட்டி மாதிரி ஏறாது. ஆகவே நான்கு வருட ஒப்பந்தம் என்றால் முதல் வருடச் சம்பளத்தை 4.48-ஆல் பெருக்கினால் போதும், ஐந்து வருடம் என்றால் 5.8-ஆல். 3.494-ஐ 4.48-ஆல் பெருக்கிப் பாருங்கள், 15.65 கோடி வரும். பிரன்சன் வாங்கியது அதுதான். விதி அனுமதித்த கடைசி டாலர் வரை வாங்கினார்.

ஒரு வருடம் பொறுத்திருந்தால் 2025-இல், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பில் 30 சதவீதம் கேட்டிருக்கலாம். உச்சவரம்பு 15.4647 கோடி, அதில் 30 சதவீதம் 4.64 கோடி, ஐந்து வருடத்துக்கு 26.9 கோடி. வித்தியாசம் 11 கோடிக்கு மேல். சரி, ஆனால் ஒன்று நான்கு வருடம், இன்னொன்று ஐந்து வருடம். அதே நான்கு வருடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 20.8-க்கும் 15.65-க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 5.1 கோடி. ஐந்தாவது வருடச் சம்பளத்தை அவர் அடுத்த ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறார். கடைசி வருடத்தை வேண்டாமென்று சொல்லும் உரிமையும் அவர் கையில் இருக்கிறது. அப்படிச் சொன்னால் 2028-இல், பத்து வருட அனுபவத்தோடு, 35 சதவீதத்துக்குத் தகுதியாகிவிடுவார். நடுவில் முழங்கால் போனாலும் இந்தப் பணம் போகாது.

5.1 கோடியும் சின்னத் தொகை இல்லை. பக்கத்தில் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள அணிக்கு இடம் கிடைக்கட்டும் என்று அவர் அதை விட்டார். 2025-இல் நிக்ஸ் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றுக்குப் போனது. 2000-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

கேள்வி: லூகா டான்சிச்சை டாலஸ் அணி வேறு அணிக்கு டிரேடு செய்தபோது அவருக்குப் பணமும் நஷ்டம் என்று படித்தேன். டிரேடு ஆனால் ஒப்பந்தமும் கூடவே போகுமே, எப்படி நஷ்டம்?

பதில்: கையில் இருந்த ஒப்பந்தம் கூடவே போனது. வரவிருந்த ஒப்பந்தம்தான் போய்விட்டது. ஏழு முதல் ஒன்பது வருடம் ஆடியவருக்குச் சாதாரண உச்சம் 30 சதவீதம். ஆல் என்பிஏ அணியில் (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) இடம் போன்ற பெரிய கௌரவம் பெற்றவருக்கு மட்டும் 35 சதவீதம் தரலாம், அதைத்தான் சூப்பர்மேக்ஸ் என்கிறார்கள். ஆனால் தன்னை டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்த அணியிலேயே இருக்க வேண்டும், அல்லது முதல் ஒப்பந்தக் காலத்திலேயே இந்த அணிக்கு வந்திருக்க வேண்டும். லூகாவை 2018-இல் எடுத்தது அட்லாண்டா. அன்று இரவே டாலஸுக்கு வந்துவிட்டதால் தகுதி இருந்தது. 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு அனுப்பியதும் அது அறுந்தது. டாலஸில் சுமார் 34.5 கோடி டாலர் வரை போயிருக்கக்கூடிய ஐந்து வருட ஒப்பந்தம், அந்த ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்று வருட நீட்டிப்பாக முடிந்தது. அவரும் பத்து வருடம் நிறையும் 2028-ஐக் கணக்குப் பண்ணித்தான் குறைந்த வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

தன்னைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுக்கு ஆட்டக்காரர் பணம் இழப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆட்டக்காரரைத் தக்கவைக்க அணிக்குக் கொடுத்த ஆயுதம், அணியே அனுப்பிவிடும்போது ஆட்டக்காரரைக் காயப்படுத்துகிறது.

கேள்வி: பணக்கார அணிகள் ஏன் இரண்டு மூன்று நடுத்தர ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்குவதில்லை?

பதில்: மொத்தச் சம்பளத்தில் செகண்ட் ஏப்ரன் என்ற மேல்கோட்டைத் தாண்டிய அணி அப்படிச் செய்யக் கூடாது. 2024-25-இல் அந்தக் கோடு 18.89 கோடி டாலர். தாண்டினால் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க முடியாது, அனுப்பியதைவிட அதிகச் சம்பளத்தைத் திரும்பப் பெற முடியாது, டிரேடில் ரொக்கம் சேர்க்க முடியாது, ஏழு வருடம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் முடங்கிவிடும்.

2024 இலையுதிர் காலத்தில் மினசோட்டா கோட்டுக்கு மேலே நின்றது. அப்போது செய்யக்கூடியதில் ஒன்று: பெரிய சம்பளக்காரர் ஒருவரைக் கொடுத்து, சின்னச் சம்பளக்காரர் பலரை வாங்குவது. கார்ல்-ஆண்டனி டவுன்ஸை நிக்ஸுக்குக் கொடுத்து ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ உள்ளிட்டவர்களை வாங்கினார்கள். ஒருவர் போய்ப் பலர் வந்ததால் கூட்டல் தேவைப்படவில்லை.

தேதிகளும் விளையாடும். யூட்டாவின் லாரி மார்க்கனென் 2024-இல் நீட்டிப்புக்கு ஒத்துக்கொண்டும் ஆகஸ்ட் 7 வரை கையெழுத்துப் போடாமல் காத்திருந்தார். அந்த வகை நீட்டிப்பு போட்டால் ஆறு மாதம் டிரேடு செய்யக் கூடாது. டிரேடு கடைசி நாள் பிப்ரவரி 6. ஒரு நாள் முன்னால் கையெழுத்திட்டிருந்தால் அவரை அனுப்ப வழி இருந்திருக்கும். 7-ஆம் தேதி போட்டதால் அந்த சீசன் முழுக்க அவர் வீடு மாற வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தட்டித் தடுப்பது) அதிகம் வைத்திருப்பவர்தானே நல்ல டிஃபெண்டர்? வேறு எதை வைத்து எடைபோடுவது?

பதில்: நான் பத்து வருடங்களுக்கு மேல் கல்லூரி ஆட்டங்களில் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்தவன். ஒரு ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எதிரணியின் கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுவரும் ஆட்டக்காரன், பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். அவனைக் காத்த பையன் அவனுடைய வலப்பக்கத்தை முழுசாக அடைத்து நின்றான். பந்தை இடது கைக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றினான், சைட்லைன் பக்கம் நகர்ந்தான். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் இந்தப் பையன். வேறு வழியில்லாமல் உயரத் தூக்கி ஒரு பாஸ் போட்டான். அது காற்றில் மிதந்து வந்தபோது இன்னொருவன் சாவகாசமாக ஓடிவந்து பிடித்தான். பிடித்தவன் பெயருக்கு நேரே நான் ஸ்டீல் போட்டேன். விதிப்படி அது சரி. மடக்கியவனுக்குப் போட என் தாளில் கட்டமே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் வந்து தாளை எட்டிப் பார்த்தான். தன் பெயருக்கு நேரே இருந்த பூஜ்ஜியங்களை விரலால் ஒரு தடவை தொட்டான். ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

என்பிஏவிலேயே ஸ்டீலையும் பிளாக்கையும் எண்ணத் தொடங்கியது 1973-74-இல்தான். பதின்மூன்று சீசனில் பதினோரு பட்டம் ஜெயித்த பில் ரசல் 1969-இல் ஓய்வு பெற்றார். அவருடைய பிளாக்குகளுக்கு அதிகாரப்பூர்வக் கணக்கே கிடையாது. ரசல் பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து தள்ள மாட்டார், தன் ஆள் கைக்குப் போகிற மாதிரித் தட்டிவிடுவார். வெளியே அறைந்தால் பந்து மறுபடியும் எதிரணிக்குத்தான். இரண்டுமே தாளில் ஒரே பிளாக்.

ஸ்டீலும் அப்படியே. கை நீட்டிப் பாய்ந்து பிடித்தால் ஒரு ஸ்டீல். பிடிக்காவிட்டால் பின்னால் நான்கு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும், அந்தத் தவறு எங்கேயும் பதிவாகாது. நிற்கும் இடத்தை விட்டுக்கொடுக்காமலே பந்தைப் பறிப்பவர்களும் உண்டு. அட்லாண்டாவின் டைசன் டேனியல்ஸ் 2024-25-இல் 229 ஸ்டீல் எடுத்தார், ஆட்டத்துக்கு மூன்று. அவரிடம் அந்த எண் பொய் சொல்லவில்லை.

எண்ணைவிட மோசமாக ஏமாற்றுவது ஒற்றை ஆட்டத்தின் ஞாபகம். 2021 பிளே ஆஃபில் யூட்டாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கிளிப்பர்ஸ் 25 புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தது. அந்த அணியின் டெரன்ஸ் மான் ஏழு த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டு 39 புள்ளி எடுத்தார். அந்த வருடத்தின் சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கிய ரூடி கோபேர் காக்க வேண்டிய ஆள் அவர்தான். இன்றும் கோபேர் என்றால் அந்த ஆட்டத்தை எடுத்து நீட்டுவார்கள். மறுபடி பார்ப்பவர்கள் கோபேரை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் நின்றவர்களைப் பாருங்கள். கிளிப்பர்ஸ் உயரமான சென்டர் இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே பரப்பி நிறுத்தியிருந்தது. பந்து வைத்திருப்பவர் யூட்டா கார்டை ஒரே அடியில் தாண்டி உள்ளே வருகிறார். கோபேர் அவரை மறிக்கப் போகாவிட்டால் கூடைக்குப் பக்கத்திலிருந்து சுலபமான லேஅப். போனால் மூலையில் மான் தனியாக நிற்கிறார். திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது. முதல் கதவு திறந்து கிடந்ததற்குக் கடைசிக் கதவைத் திட்டுகிறோம்.

எதிராளி என்ன சதவீதத்தில் த்ரீ போட்டார் என்பதை வைத்து டிஃபெண்டரை எடைபோடாதீர்கள். ஷாட் எடுக்க விடலாமா என்பது பெரும்பாலும் டிஃபெண்டர் கையில். எடுத்த பிறகு உள்ளே போகுமா என்பதில் அதிர்ஷ்டம் நிறைய. ஒருவர் கோர்ட்டில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி விட்டது என்ற கணக்கையும் ஒரு மாதத்துக்கு வைத்துப் பேசாதீர்கள்; கூட ஆடுகிற நால்வர் யார் என்பது அதை அப்படியே புரட்டிப்போடும்.

நான் செய்வது, ஒரே ஆளை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்ப்பது. பந்து வருவதற்கு முன்பே அவர் அங்கே இருக்கிறாரா? வாய் ஓயாமல் பேசுகிறாரா, வழியை மறிக்கப் பின்னால் வரும் எதிராளியை, அதாவது ஸ்கிரீனை, கூட்டாளிக்குக் கை காட்டுகிறாரா? எல்லாவற்றையும்விட, பந்தோடு உள்ளே வந்த எதிராளி அவரைப் பார்த்ததும் மனம் மாறித் திரும்பிப் போகிறாரா? போடப்படாத அந்த ஷாட்தான் டிஃபென்ஸ்.

கேள்வி: டிஃபென்ஸுக்கு யாராவது பணம் கொடுக்கிறார்களா?

பதில்: கிளீவ்லாந்தின் இவான் மோப்லிக்குக் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் ஐந்து வருட நீட்டிப்பு போட்டார், உச்சவரம்பில் 25 சதவீதம், அதாவது 22.4 கோடி. முக்கியமான விருது வந்தால் அது 30 சதவீதம் ஆகும் என்று ஒரு ஷரத்து. 2025-இல் சிறந்த டிஃபெண்டர் விருது வந்தது, ஒப்பந்தம் 26.9 கோடியானது. மேலே பிரன்சன் காத்திருந்தால் வாங்கியிருப்பார் என்று சொன்ன அதே எண், அதே 30 சதவீதம்.

அந்த விருதைத் தீர்மானித்தவர்கள் 100 பத்திரிகையாளர்கள். விருதுக்குத் தகுதி பெற 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். எல்லோரும் எதிர்பார்த்த விக்டர் வெம்பன்யாமா தோளில் ரத்தம் உறைந்ததால் 46 ஆட்டத்தோடு நின்றுவிட்டார். மோப்லி தகுதியானவர், சந்தேகமில்லை. ஆனாலும் வாக்குப் போடுபவர்கள் கையில் 4.5 கோடி டாலரை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அணிக்கும் இது சுமைதான்: முதல் வருடத்திலேயே 77 லட்சம் டாலர் கூடியது, செகண்ட் ஏப்ரனுக்கு மேலே நின்ற அணிக்கு.

கேள்வி: பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புள்ளி எடுப்பவனைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள் என்பதால் பையன்கள் டிஃபென்ஸ் பயிற்சிக்கு முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எழுதிவையுங்கள். என்பிஏவே 2016 பிளே ஆஃபிலிருந்து பந்தைத் தட்டிவிட்டது, ஷாட்டை மறித்தது, மோத வருபவனை நின்று தாங்கி சார்ஜ் வாங்கியது, தரையில் உருளும் பந்தை எடுத்தது என்று கணக்கு வெளியிடத் தொடங்கியது. அந்தப் பையன் தாளைத் தொட்டுவிட்டுப் போன நாளுக்குப் பிறகு நான் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அதில் இன்னொரு கட்டமும் போட்டேன்: திருப்பி அனுப்பியது. உள்ளே வந்த எதிராளி ஷாட் போடாமல் பந்தை வெளியே கொடுத்தால், அதற்குக் காரணமானவன் பெயரில் ஒரு கோடு.

நீங்கள் எழுத வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் கொடுங்கள். குவார்ட்டருக்கு ஒருவன் என்று மாற்றுங்கள். எழுதுகிறவன் அடுத்து கோர்ட்டுக்குப் போகும்போது எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். ஹாஃப் டைமில் புள்ளிக் கணக்குக்கு முன்னால் இந்த நோட்டைச் சத்தமாகப் படியுங்கள், பெயர் சொல்லி.