ஒரே சர்வரில் இரண்டு மைஎஸ்கியூஎல் ஓடுமா?

கேள்வி: கடையின் பில்லிங் மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் 5.7 வெர்ஷனில் ஓடுகிறது. புதிதாக வாங்கிய ஸ்டாக் மென்பொருள் 8.0 கேட்கிறது. இருப்பது 16 ஜிபி ராம் உள்ள ஒரே உபுண்டு சர்வர். பழைய கான்ஃபிக் ஃபைலைக் காப்பி எடுத்து, போர்ட்டை (இணைப்பு எண்ணை) மட்டும் 3307 என்று மாற்றி 8.0-ஐ ஸ்டார்ட் செய்தால், ஐபிடேட்டா1 என்ற டேட்டா ஃபைலை லாக் செய்ய முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. ஒரே மெஷினில் இரண்டும் ஓடாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக ஓடும். ஆனால் இப்போது அது ஓடாமல் நின்றதே உங்கள் நல்ல நேரம். போர்ட்டை மாற்றினீர்கள், டேட்டா டைரக்டரியை மாற்றவில்லை, அதனால் 8.0 நேராகப் போய் பழைய பில்லிங் டேட்டாவின் மேலேயே உட்காரப் பார்த்திருக்கிறது. 5.7 ஓடிக்கொண்டிருந்ததால் லாக் தடுத்தது. அந்த நேரம் பார்த்து 5.7-ஐ நிறுத்தி வைத்திருந்தால், 8.0 சத்தமில்லாமல் மொத்த டேட்டாவையும் தன் வடிவத்துக்கு மாற்றியிருக்கும், அப்புறம் 5.7-ஆல் அதைத் திறக்கவே முடியாது, பேக்கப்பைத் தேடி ஓட வேண்டியதுதான்.

ஆகவே டேட்டா டைரக்டரி, போர்ட், சாக்கெட் (அதே மெஷினுக்குள் இணைய உதவும் ஃபைல்), பிஐடி ஃபைல் (ஓடும் ப்ராசஸின் எண் இருக்கும் ஃபைல்), எரர் லாக் எல்லாமே இரண்டுக்கும் தனித்தனி. உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்று ஒரு காவல்காரர் உண்டு. புது டைரக்டரியை அவரிடம் சொல்லி வைக்காவிட்டால், பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாது. இதெல்லாம் தலைவலி என்றால் 8.0-ஐ டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) போட்டு, வெளியே 3307, உள்ளே 3306 என்று இணைத்துவிடுங்கள், டேட்டாவுக்கு மட்டும் ஒரு வால்யூம் (பெட்டியை அழித்தாலும் டேட்டா நிலைக்கும் இடம்) கொடுக்க மறக்காதீர்கள். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

பலரும் விழுகிற குழி வேறு. லினக்ஸில் ஹோஸ்ட் பெயராக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால், மைஎஸ்கியூஎல் கிளையன்ட் போர்ட்டைக் கண்டுகொள்ளாமல் சாக்கெட் வழியாகப் போய்விடும். நீங்கள் 3307 என்று அடித்திருப்பீர்கள், உள்ளே நுழைந்தது 5.7 ஆக இருக்கும். அங்கே ஒரு டேபிளை டெலிட் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மெஷினைக் குறிக்கும் 127.0.0.1 என்ற எண் முகவரியையே கொடுங்கள், பிஎச்பி கான்ஃபிக்கிலும் அப்படியே. உள்ளே போனதும் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் வெர்ஷன், எந்த வழியாக வந்தீர்கள் என்பது இரண்டும் தெரியும். பேக்கப் ஸ்கிரிப்ட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அதிலும் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் இரண்டு பேக்கப்பும் ஒரே மைஎஸ்கியூஎல்-இலிருந்து வந்துகொண்டிருக்கப் போகிறது.

அடுத்து மெமரி. காப்பி எடுத்த கான்ஃபிக்கில் இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) 12 ஜிபி என்று இருந்தால், இரண்டும் சேர்ந்து 24 ஜிபி. முதல் நாளே தெரியாது, ஏனென்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரம்பும். நிரம்பியதும் லினக்ஸின் மையமான கர்னல் ஏதோ ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிகம் தின்பதைத்தான். ஆளுக்கு 4 ஜிபி கொடுத்து ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பில்லிங் மென்பொருள் விற்றவரை இப்போதே நச்சரிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் இதே பாடுதானா?
– வாசகி, மதுரை

பதில்: டெபியன், உபுண்டு என்றால் இல்லை. அங்கே தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு போஸ்ட்கிரெஸையும் கிளஸ்டர் என்பார்கள், பிஜி_கிரியேட்கிளஸ்டர் கமாண்ட் புது டேட்டா டைரக்டரியைத் தானே உண்டாக்கி, வழக்கமான 5432 போர்ட்டை வேறொன்று எடுத்திருந்தால் அடுத்த போர்ட்டையும் தானே எடுத்துக்கொள்ளும். வெவ்வேறு வெர்ஷன்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.