சின்ன ஃபிளாட்டுக்கு எந்த கீசர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நானும் கணவரும் மட்டும்தான். மடிப்பாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீடு. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்கலாமா, 15 லிட்டர் ஸ்டோரேஜ் வாங்கலாமா? எதில் கரண்ட் பில் குறையும்?

ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை நீங்களே சரிபார்த்துவிடலாம். 1 யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்றும். எந்த கம்பெனி, எந்த மாடல் என்றாலும் இதில் மாற்றமில்லை.

சென்னையில் மார்கழி காலையில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரி போதும். 15 லிட்டர் பக்கெட்டை 15 டிகிரி ஏற்றக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இரண்டு பேருக்கு நாளைக்கு அரை யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 31 யூனிட். இன்ஸ்டன்ட் (தண்ணீர் ஓடும்போதே சூடேற்றுவது), ஸ்டோரேஜ் (டேங்கில் நிரப்பிச் சூடேற்றி வைப்பது) இரண்டுக்கும் இது பொது. ஸ்டோரேஜில் கூடுதலாகப் போவது, டேங்கில் நிற்கும் சூடு மெல்ல வெளியே கசிவது மட்டும்தான்.

ஆகவே நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், சென்னைக் குளிருக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவுக்குத்தான் சுடுதண்ணீர் தரும். பக்கெட் நிறைய 5 நிமிடம். பக்கெட்டில் மொண்டு குளிக்கிற வீட்டுக்கு இது தாராளம். விலையும் குறைவு, சுவரில் இடமும் குறைவு. ஷவர்தான் வேண்டும் என்றால் இன்ஸ்டன்ட் எடுக்காதீர்கள். ஷவரை நன்றாகத் திறந்ததும் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், பிறகு ஆள் மாற்றி ஆள் குறை சொல்வீர்கள். 15 லிட்டர் ஸ்டோரேஜில் 60 டிகிரிக்கு ஏறிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் 35 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேருக்கு அது போதும். 25 லிட்டர் உங்களுக்கு வீண் செலவு.

எங்கள் ஃபிளாட் கட்டி 25 வருடம் ஆகிறது. 3 கிலோவாட் இன்ஸ்டன்டுக்கு “பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்” என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

சரியில்லை. இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். தாங்க வேண்டியது பிளக் மட்டுமல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரும்தான். பழைய வீடுகளில் பாத்ரூம் பாயின்டுக்கு லைட் லைனிலிருந்தே மெல்லிய ஒயரை இழுத்திருப்பார்கள். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒயரின் மேல்தோல் பழுப்பேறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன், குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் (தூரம் அதிகமென்றால் 4), தனி எம்.சி.பி. (லோடு அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். இவற்றோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரக் கையோடு குழாயைத் தொடுகிற இடம் அது. ஹீட்டரில் கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் லைனைத் துண்டிப்பது அந்தக் கருவிதான்.

இதையெல்லாம் செய்ய வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்கவில்லையா? 2 கிலோவாட் ஸ்டோரேஜ் பாருங்கள். அது 9 ஆம்பியருக்குள் நிற்கும். அதற்கும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், ஒயரையும் சோதிக்க வேண்டும். ஆனாலும் பழைய ஒயரிங்குக்கு இதுவே மேல்.

ஸ்விட்சை எப்போதும் ஆனில் விட்டால் மிச்சமா, தேவைப்படும்போது போட்டால் மிச்சமா?

தேவைப்படும்போது போடுவதுதான். ஆனில் கிடந்தால் டேங்க் இழக்கிற சூட்டை ஈடுகட்ட ஹீட்டர் நாள் முழுக்க விட்டுவிட்டு எரியும். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசருக்குக் குளிக்கும் முன் 20 நிமிடம் போதும்.

ஸ்டார் லேபிள் அளப்பதும் இந்தச் சூட்டுக் கசிவைத்தான். தினமும் 20 நிமிடம் மட்டும் போடுகிற சென்னைக்காரருக்கு 4 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை ஒட்டி இருந்தால் 5 எடுங்கள், இல்லையென்றால் அந்தப் பணத்தை ஒயரிங்கில் போடுங்கள். லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள்; அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள் என்பதால் பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டார் புதியதற்குச் சமமாகாது.

உங்கள் ஈ.பி. பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதா என்றும் கவனியுங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 490-இல் இருக்கும் வீட்டுக்குக் கீசரின் அந்த 30 யூனிட் நிஜமாகவே வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஊருக்குப் போய்விட்டுப் பல நாள் கழித்து வந்தால், டேங்கில் நின்ற தண்ணீரை ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிய பிறகு குளியுங்கள்.

குன்னூரில் சின்ன ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். அங்கேயும் இன்ஸ்டன்ட் போதுமா?

போதாது. தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் 28 டிகிரி ஏற்ற வேண்டும். அதே 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும், ஒரு பக்கெட்டுக்கு 10 நிமிடம். அங்கே 25 லிட்டர் ஸ்டோரேஜ், 5 ஸ்டார். வருடம் முழுக்க ஓடுகிற ஊரில் ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்ப வரும். குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட வேண்டியிருக்கும்.

பாத்ரூம் கீசரிலிருந்தே கிச்சனுக்கும் லைன் இழுக்கலாமா?

வேண்டாம். அரை இஞ்சுக் குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 175 மில்லி தண்ணீர் நிற்கும். 8 மீட்டர் தள்ளி என்றால், ஒரு பாத்திரம் கழுவ ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரை வீணாக்கிவிட்டு, அதே அளவு சுடுதண்ணீரைக் குழாயில் ஆறவும் விடுகிறீர்கள்.

போர் தண்ணீர்தான் வருகிறது. போன கீசர் சீக்கிரமே ஓட்டையாகிவிட்டது. இந்த முறை என்ன பார்க்க வேண்டும்?

கடையில் எஸ்.எஸ். டேங்க்தான் உசத்தி என்பார்கள். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும், முக்கியமாக வெல்டிங் போட்ட இடங்களில். என் சிபாரிசு, உள்ளே கண்ணாடிப் பூச்சு கொடுத்த கிளாஸ்லைன்ட் டேங்க். அதற்குள் மெக்னீசியம் ஆனோடு ராட் ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. அது முழுக்கக் கரைந்த பிறகு உப்புத் தண்ணீர் டேங்கின் மேல் கை வைக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். விரல் தடிமனில் இருந்தது உள்கம்பி தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். சர்வீஸுக்கு வருகிறவர் கேட்டால்தான் செய்வார், கேளுங்கள்.

தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் எத்தனை டிகிரி வரை ஏற வேண்டும் என்று வைக்கும் திருகு) 75-இல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏற காயிலில் உப்பு வேகமாகப் படியும். 55 முதல் 60 போதும்.

கீசர் ஓடும்போது வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது! சூடாகும் தண்ணீர் விரியும். 15 லிட்டர் டேங்கில் ஏறக்குறைய 200 மில்லி அதிகமாகும். அது வெளியேறத்தான் அந்த வால்வு. அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கும் அபாயம் உண்டு. சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்தித் தரைக்கு விடுங்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் சொட்டினால் தண்ணீர் பிரஷர் அதிகம், அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. அப்போது வால்வை மாற்றுங்கள்.

மேன்ஷனில் தனியாக இருக்கிறேன். பக்கெட்டில் முக்கித் தண்ணீர் சூடாக்கும் 1,500 வாட் ஹீட்டர் ராட் போதாதா?

செலவுக் கணக்கில் போதும். எல்லாச் சூடும் தண்ணீருக்கே போகிறது, 15 லிட்டருக்கு 10, 11 நிமிடம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். முதலில் தண்ணீரில் ராடை வையுங்கள், பிறகு ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். அறையில் எர்த் இல்லாத இரண்டு பின் சாக்கெட் என்றால் ராடே வேண்டாம். அடுப்பில் ஒரு பாத்திரம் காய்ச்சிக்கொள்ளுங்கள்.