விலை வைத்து விற்கப்படும் ஸ்பான்சர்ஷிப்: கையெழுத்து உங்களுடையது

கேள்வி: நான் ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ) முடித்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டனில் முதியோர் இல்லத்தில் கேர் வேலை, மொத்தம் 14 லட்சம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். முன்பணமாக மூன்றரை லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினோம். பிறகு, “கேர் விசாவை நிறுத்திவிட்டார்கள், மார்க்கெட்டிங் மேனேஜர் வேலைக்கு சி.ஓ.எஸ். (ஸ்பான்சர்ஷிப் சான்று) வாங்கிவிட்டேன்” என்றார். சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு என்று காட்டுவார்களாம். அதில் ஒரு பகுதியை மாதாமாதம் ரொக்கமாக நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். மார்க்கெட்டிங் அனுபவச் சான்றிதழையும் அவரே தயார் செய்திருக்கிறார். அங்கே போனதும் நர்ஸ் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார். மீதிப் பணத்துக்காக மாமனார் நிலத்தை அடமானம் வைக்கப் போகிறார். என் பாஸ்போர்ட்டும் அசல் சான்றிதழ்களும் ஏஜென்டிடம் உள்ளன. பணம் கட்டலாமா? கணவரும் நான்கு வயது மகளும் என்னுடன் வர முடியுமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அடமானப் பத்திரத்தில் உங்கள் மாமனார் கையெழுத்துப் போடவே கூடாது. இதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏஜென்ட் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ஆம் தேதி நிறுத்திவிட்டது. அதே நாளில் திறன் பணியாளர் விசாவுக்கான தகுதியையும் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தியது. பொதுவான சம்பள வரம்பு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனது. உங்கள் ஏஜென்ட் காட்டும் சம்பளம் அந்த வரம்போடு ஒரு பவுண்டுகூடக் கூடாமல் குறையாமல் பொருந்துவது தற்செயல் அல்ல. முதலில் சட்டத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற பதவியைப் பிறகு எழுதியிருக்கிறார்கள்.

சி.ஓ.எஸ். என்பது சுவரில் மாட்டும் காகிதச் சான்றிதழ் அல்ல. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனம் (ஸ்பான்சர்) பிரிட்டன் உள்துறையின் கணினி அமைப்பில் பதிவு செய்யும் மின்னணுப் பதிவு. உங்கள் கைக்கு வருவது அதன் எண்ணும் அதிலுள்ள விவரங்களும்தான். அந்த எண்ணை வைத்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சி.ஓ.எஸ்.ஸுக்கான அரசுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 525 பவுண்டாக உயர்ந்தது. அதைக் கட்ட வேண்டியது நிறுவனம். 2024 டிசம்பர் 31 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கிய சி.ஓ.எஸ். என்றால், அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் எந்தப் பெயரிலும் வசூலிக்கக் கூடாது. மீறினால் நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமமே பறிபோகும். நிறுவனம் அரசுக்குத் தனியாகச் செலுத்தும் குடியேற்றத் திறன் கட்டணத்துக்கும் இதே தடை உண்டு. ஆகவே சி.ஓ.எஸ்.ஸுக்கு யாராவது லட்சக்கணக்கில் விலை சொன்னால், அந்த விலையே மோசடிக்குச் சாட்சி.

நிறுவனத்தின் பெயர் உரிமப் பட்டியலில் இருக்கிறதே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் அந்தப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், நீங்களும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். உரிமம் உள்ள நிறுவனங்களும் சி.ஓ.எஸ். விற்றிருக்கின்றன, பிடிபட்டு உரிமம் இழந்தும் இருக்கின்றன. அங்கே போன பிறகு அப்படி நடந்தால், உங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். நிலம் அடமானத்தில் கிடக்கும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பணம் அல்ல. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், விசா வாங்குவதற்காக உருவாக்கியதாக இருக்கக் கூடாது, விண்ணப்பதாரர் அதைச் செய்யும் எண்ணமும் திறமையும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் விதிகள் சொல்கின்றன. ஆறு ஆண்டு வார்டில் வேலை பார்த்த நர்ஸ் திடீரென மார்க்கெட்டிங் மேனேஜராவதை எந்த அதிகாரியும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். போலி ஆவணம் இருந்தாலே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அது போலி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெரிந்தே ஏமாற்றினீர்கள் என்று முடிவு செய்தால் 10 ஆண்டுத் தடை வரும். ஏஜென்ட் செய்ததற்கு நான் பொறுப்பல்ல என்று பின்னால் வாதாட உங்களுக்கு வழியில்லை. அனுபவச் சான்றிதழ் பொய் என்பதும், சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. விண்ணப்பத்தின் உறுதிமொழி உங்கள் பெயரில்தான் இருக்கும். ஏஜென்டின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

அவர் உங்கள் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாரா என்று உடனே கேளுங்கள். எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார், அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அது ஆதாரம். விண்ணப்பம் போயிருந்தால் விசா மையத்துக்குக் கைரேகை கொடுக்கப் போகாதீர்கள். அதற்கு முன் திரும்பப் பெற்றால் விண்ணப்பக் கட்டணமும் திரும்பும். ஆனால் திரும்பப் பெறும் கடிதத்தை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். அதில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும்.

இப்போது பணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், எந்த நாட்டுக்காக இருந்தாலும், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். மூன்றரை லட்சம் வாங்கியதே சட்ட மீறல். பதிவு இல்லாமல் ஆள் எடுத்தால் 24-ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர வழக்கமாக மத்திய அரசின் முன் அனுமதி தேவை. ஆனால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய கணவர், பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி வேண்டியதில்லை. இந்தச் சலுகையை அறியாமல் பல குடும்பங்கள் காத்துக் கிடக்கின்றன. சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள்.

ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு பொருந்தும். ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. முதலில் வழக்கறிஞர் மூலம், 15 நாளுக்குள் பணம், பாஸ்போர்ட், சான்றிதழ்கள் மூன்றையும் திருப்பித் தரக் கோரிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் ஊரைவிட்டுப் போகக்கூடும் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் நோட்டீஸுக்காகக் காத்திராமல் நேராகக் காவல்துறைக்குச் செல்லுங்கள். இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எழுந்து வந்துவிட வேண்டாம். இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம். புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். வங்கி வழியாகப் பணம் அனுப்பியது உங்கள் அதிர்ஷ்டம். கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். பணம் முழுவதும் உடனே கைக்கு வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய ஏஜென்டுகளில் பலர் வழக்குப் பதிவாகும் கட்டத்தில்தான் சமரசத்துக்கு வருகிறார்கள்.

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அது மத்திய அரசின் சொத்து. மீதிப் பணம் கட்டினால்தான் தருவேன் என்று சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே புகாரில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனம் வருந்தியதற்குக் காரணம் வேறு. நேர்வழி ஒன்று உங்கள் எதிரிலேயே இருக்கிறது. கேர் வேலைக்கான கதவுதான் மூடியது. பதிவு பெற்ற செவிலியருக்கான கதவு மூடவில்லை. பிரிட்டனின் செவிலியர், மகப்பேறு உதவியாளர் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு பெற, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7, அதில் எழுதும் பகுதிக்கு மட்டும் 6.5, அல்லது சுகாதாரப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் அதற்கு இணையான மதிப்பெண் வேண்டும். பிறகு கணினித் தேர்வு. கடைசியாக பிரிட்டனில் செய்முறைத் தேர்வு. அதன்படி வேலை கிடைத்தால் உங்களுக்கு உரியது சுகாதாரப் பணியாளர் விசா. தேசிய ஊதிய அட்டவணைப்படி சம்பளம் என்பதால் 41,700 பவுண்டு வரம்பு பொருந்தாது. பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்ற சுகாதாரக் கட்டணமும் கிடையாது. என்.எம்.சி. ஏற்ற ஆங்கிலத் தேர்வே விசாவுக்கும் போதும். கணவரும் மகளும் உடன் வரலாம், கணவர் வேலையும் பார்க்கலாம். 2024 மார்ச் 11 முதல் கேர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. முதலில் பேசிய வேலை கிடைத்திருந்தாலும் உங்கள் மகளை விட்டுவிட்டுத்தான் போயிருப்பீர்கள். இதை ஏஜென்ட் உங்களிடம் சொன்னாரா?

“போனதும் நர்ஸாக மாறிக்கொள்ளலாம்” என்பதும் வெறும் பேச்சு. என்.எம்.சி. நடைமுறை, புதிய ஸ்பான்சர், புதிய விண்ணப்பம் எல்லாம் அப்போதும் தேவை. பொய்யான விசா ஒன்று கோப்பில் இருக்கும்போது அவை மேலும் கடினமாகும்.

இந்தப் பாதையில் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். வேலைவாய்ப்புகளும் சில ஆண்டுகளுக்கு முன்பு இருந்த அளவுக்கு இல்லை. சுகாதாரப் பணிக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் விண்ணப்பதாரரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்து வையுங்கள். அசல் சான்றிதழ்கள் திரும்ப வராவிட்டால், காவல்துறைப் புகாரின் நகலுடன் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கான படிப்பை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம்.