பாரத்தை அலமாரியில் வையுங்கள், பையனை மோட்டாரில் ஏற்றுங்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் தொழிற்சாலையில் செக்குரிட்டி, நான் பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறேன். மூத்தவன் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிவும் வந்துவிட்டது. மலாய், கணிதம், தமிழ் மூன்றிலும் கிரெடிட். வரலாறு பாஸ், ஆங்கிலம் இ, இயற்பியல் போய்விட்டது. போன வாரம் என் அண்ணன் ஒரு தனியார் கல்லூரி ஆளை வீட்டுக்கே கூட்டி வந்தார். பிசினஸ் டிப்ளோமாவாம், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனை அவர்களே எடுத்துத் தருவார்களாம், லேப்டாப் இலவசமாம். விண்ணப்பப் பாரம் மேசைமேல் இருக்கிறது. பையன் வாயைத் திறப்பதில்லை. நாள் முழுக்க எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கடைசியாகப் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின். கூட்டாளிகள் எல்லாம் ஃபேக்டரி வேனில் ஏறிவிட்டார்கள், இவனும் போகிறேன் என்கிறான். அவன் அப்பாவோ, "என்னை மாதிரி கேட்டில் நிற்காதே, டிகிரி எடு" என்று சத்தம் போடுகிறார். யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு தாய், பாடாங் செராய்)

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பாரத்தை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். கிழிக்க வேண்டாம், அண்ணனோடு சண்டையும் வேண்டாம். இரண்டு வாரம் அது அங்கேயே இருக்கட்டும், அதற்குள் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வாஷிங் மெஷின்தான். பிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், திரும்ப மாட்டினானா, மாட்டிய பிறகு ஓடியதா என்று எழுதவில்லை. தயவுசெய்து இதை விசாரியுங்கள், ஏனென்றால் பிரிப்பது பெரும்பாலான பையன்கள் செய்கிற காரியம், மாட்டி ஓட வைப்பது எல்லோருக்கும் வராது. நான் பள்ளியில் கவுன்சலிங் பார்த்த காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். பழைய நாளிதழை விரித்து, பிரிக்கப் போகிற சாமானின் உருவத்தைப் பேனாவால் அதில் வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குருவையும் அதே இடத்தில் தாளில் குத்தி வைப்பான். மண்டபத்து மின்விசிறியை அப்படித்தான் இறக்கி, துடைத்து, ஏற்றினான், ஒரு ஸ்குருகூட மிஞ்சவில்லை. பரீட்சைத் தாளில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த நாளிதழை விரித்த கைக்கு என்ன படிப்பு என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, அது இன்றும் எனக்கு வருத்தம்தான். அவனாகவே தேடிப் போய் எஸ்.கே.எம். எடுத்து, வயர்மேன் சான்று எடுத்து, இன்று ஆலையின் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக இருக்கிறான்.

அதனால் வழியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எஸ்.கே.எம். என்பது அரசாங்கத்தின் திறன் சான்றிதழ், 1, 2, 3 என்று படிப்படியாக ஏறும். நான்காவது படியில் அதுவே டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. அதற்கு மேலும் படிக்க ஆசை வந்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கு இருக்கின்றன, பத்து பகாட்டில் ஒன்று, மலாக்காவில் ஒன்று, பகாங்கில் ஒன்று, பெர்லிஸில் ஒன்று. ஆக, "டிகிரி எடு" என்று அப்பா சொல்வதற்கு இந்தப் பக்கமும் கதவு இருக்கிறது, படிகள் கூடுதல், அவ்வளவுதான். மின்சாரம், ஏர்கோன், வெல்டிங், மெக்கட்ரோனிக் எல்லாம் மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் உண்டு. ஐ.எல்.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே, அதுதான். உங்களுக்குக் கெப்பாலா பத்தாஸ் பக்கம். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, தங்க விடுதியும் உண்டு. புத்தகத்தைப் பார்த்தால் தூங்கி விழுகிற பிள்ளையாக இருந்தால் எஸ்.எல்.டி.என். என்று இன்னொன்று, அதில் பெரும்பகுதி நேரம் வேலை இடத்திலேயே கற்றுக்கொள்ளலாம், மீதிதான் வகுப்பு.

கணிதத்தில் கிரெடிட் வைத்திருக்கிறானே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூலிமிலேயே பாலிடெக்னிக் இருக்கிறது, துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக், மின்னியலும் இயந்திரவியலும் டிப்ளோமாவாகக் கற்பிக்கிறார்கள். மூன்று கிரெடிட்டோடு விண்ணப்பித்துப் பார்க்காமல் விடுவது தப்பு. இரண்டுக்கும் அரசாங்கத்தின் இணைய விண்ணப்பம் உண்டு, பாலிடெக்னிக்குக்கு யு.பி.யு. வழியாக, பயிற்சிக் கழகத்துக்கு யு.பி. டிவெட் வழியாக, ஒரே வாரத்தில் போடட்டும். இரண்டும் கிடைத்தால் அப்போது உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இ வாங்கியதைத்தான் இப்போதே கவனிக்க வேண்டும், ஏனென்றால் மெஷின்களின் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தினமும் ஒரு பக்கம் வாஷிங் மெஷின் கையேட்டைப் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கதைப் புத்தகம் கொடுத்தால் படிக்க மாட்டான், இதைப் படிப்பான்.

இனி அந்தக் கடன். பி.டி.பி.டி.என். 1997-இலிருந்து இருக்கிறது, அதனால் படித்து மேலே வந்த நம் பிள்ளைகள் ஏராளம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கடன். 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும், பாதியில் நின்றாலும் எடுத்ததைக் கட்டித்தான் ஆக வேண்டும். என் மாணவன் ஒருவனின் அப்பா, இப்படித்தான் வீடு தேடி வந்த ஓர் ஆள் நீட்டிய பாரத்தில், கார் பானட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பையனுக்கு அந்தப் பாடம் ஒட்டவே இல்லை, இரண்டாவது செமஸ்டரில் நின்றுவிட்டான். கடன் கடிதம் மட்டும் வருடக்கணக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த டிப்ளோமாவுக்கு, படிப்புகளின் தரத்தைப் பார்க்கிற அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பாடத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் அண்ணனிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "இவன் எதற்காகப் பிசினஸ் படிக்க வேண்டும் அண்ணா?" அவரிடம் நல்ல பதில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள், நான் யோசிக்கிறேன்.

ஃபேக்டரி வேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1,700 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம், ஓவர்டைம் சேர்த்தால் இன்னும் கூட, 18 வயதுப் பையனுக்கு அது பெரிய காசு. முதல் மூன்று மாதத்தில் மோட்டார் வாங்குவான், அதற்குத் தவணை கட்ட வேலையை விட முடியாது, அடுத்த வருடம் படிக்கலாம் என்பது அடுத்த வருடமும் அப்படியே நிற்கும். வேலைக்குப் போவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன், நம் தாய் தகப்பன் எல்லாம் விடியுமுன் எழுந்து மரம் சீவித்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். பயிற்சி தொடங்கும் வரை நான்கு மாதம் வேலைக்குப் போகட்டும், தவணையில் எதுவும் வாங்காமல். வாங்க மாட்டேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரரிடம் நீங்கள் சண்டை போடாதீர்கள். அவர் கோபத்துக்குள் இருப்பது பயம், அது எனக்குப் புரிகிறது. சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றுவிட்டால் ஃபேக்டரியில் யாரைக் கூப்பிடுகிறார்கள், யாருக்காக நீங்கள் ஓடிப் போய்க் கேட்டைத் திறக்கிறீர்கள்? டெக்னீஷியனுக்காக, சார்ஜ்மேனுக்காக. பெரிய மின் இணைப்பு உள்ள ஆலையில் சான்று பெற்ற ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 1996-இல் கூலிமில் ஹைடெக் பார்க் வந்ததிலிருந்து இந்த ஆட்களுக்கு நம் ஊர்ப் பக்கம் வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. அவர் கண்ணால் பார்க்கிற மனிதர்கள் அவர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு நாள் எதுவோ அன்று அப்பாவும் மகனும் காலையில் பசியாறிவிட்டு மோட்டாரிலேயே கூலிமுக்குப் போகட்டும், இன்னொரு நாள் கெப்பாலா பத்தாஸுக்கு. முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அலுவலகத்தில் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள், கேண்டீனில் உட்கார்ந்து அங்கே படிக்கிற நம் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள், பயிற்சிக்கு எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று. பையன் முகத்தை அப்பா பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கே மெஷின் பக்கத்தில் நின்று தானாகக் கேள்வி கேட்டால், தங்கச்சி, அலமாரியில் இருக்கிற பாரத்தை அண்ணனிடமே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எஸ்.பி.எம்மில் எனக்கு 7ஏ. அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. மருந்தாளர் ஆக ஆசை. அப்பா வீட்டை அடகு வைத்துத் தனியார் ஃபவுண்டேஷன் சேர்க்கிறேன் என்கிறார். ஆறாம் படிவம் ரொம்பக் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் டீச்சர்.
(மாணவி, லூனாஸ்)

பதில்: மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற கோட்டாவில் எத்தனையோ நல்ல பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காமல் போயிருக்கிறது, அதை உன் குறையாக நினைக்காதே கண்ணு. 10ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உறுதி என்று 2024-இல் அறிவித்தார்கள், 7ஏவுக்கு அது பொருந்தாது. மேல்முறையீடு போடு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. வீட்டை அடகு வைக்க அப்பாவை விடாதே. ஆறாம் படிவம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மூன்று செமஸ்டர், ஏறக்குறைய ஒன்றரை வருடம், செலவு மிகக் குறைவு, முதல் இரண்டு செமஸ்டரில் சறுக்கினாலும் திரும்ப எழுதலாம். வேதியியல், உயிரியல், கணிதம், அதோடு கட்டாயமான பொது அறிவுப் பாடம் எடு. முவெட் ஆங்கிலத் தேர்வை முதல் வருடமே எழுதிப் பார். அரசாங்கப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் கொடுக்கிறது, அந்தப் பத்தை விட்டுவிட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் வாரமே ஏதாவது ஒரு கழகத்தில் பெயர் கொடுத்துவிடு, முடிந்தால் செயலாளர் பொறுப்பை நீயே கேட்டு வாங்கிக்கொள்.